ஆம் என்று சொன்ன வீடுகள்

அப்பாவின் குரல் பத்திரமாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடலாமே என்னும் எண்ணம் ரெபேக்காளுக்கு ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் வந்தது. அச்சமாக வரவில்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டவருக்குப் பாதி வழியில் அடுப்பை அணைத்தோமா என்று ஓர் ஐயம் எழுமே, அந்த அளவில்தான் வந்தது.

செங்கல்பட்டில் ஒரு மருத்துவமனையின் மேல்மாடி. சன்னலுக்கு அப்பால் ஏரி வெயிலில் தகடாய்க் கிடந்தது. கட்டிலில் அவள் தந்தை ராமதாஸ் சாய்ந்திருந்தார். புற்று அரித்த குரல்வளையை மருத்துவர்கள் முந்தின வாரம் முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே ஓடிய பேருந்தில் நடத்துநராயிருந்து, இயந்திரத்தின் இரைச்சலை மிஞ்சி ஊர்ப்பெயர்களைக் கூவியவர். ஞாயிறுதோறும் சபையில் வேதபாடம் வாசித்தவர். அந்தத் தொண்டையில் இப்போது ஒரு துளை மட்டும் மூச்சுவிட்டது.

அவர் மடியிலிருந்த சிலேட்டில் எழுதி அவள் பக்கம் திருப்பினார். "நாளைக்கு வாய் வருமா?"

"நாளைக்குக் காலைல அந்த மேடம்கிட்ட குடுத்துடுவேன்பா. கொஞ்ச நாள்ல நீங்க எழுதுனா உங்க குரல்லயே பேசும். அப்புறம் எங்கள ஒருத்தரயும் வாயத் தொறக்க வுட மாட்டீங்க."

அவர் தோள்கள் குலுங்கின. சிரிப்புக்கும் ஓசை போய்விட்டிருந்தது.

பேச்சுப் பயிற்சியாளர் முன்பே சொல்லியிருந்தார். தொண்டை கெடுவதற்குள் வேண்டிய மட்டும் பேசிப் பதிந்துகொண்டால், அந்தப் பதிவுகளைக் கற்று, கணினி அதே குரலில் பேசும். ராமதாஸ் வீட்டிலேயே மகளின் அலுவலக மடிக்கணினியில் நாள்கணக்கில் உட்கார்ந்து பதிந்தார். பயிற்சியாளர் தந்த வாக்கியங்களை வாசித்தார். சங்கீதங்களை வாசித்தார். பேருந்து நிற்கும் ஊர்களையெல்லாம் வரிசையாய்க் கூவினார். கடைசியில், மனத்தில் பட்டதைப் பேசுங்கள் என்றபோது, நெடுநேரம் பேசினார். பின்பு குரல் கரகரத்தது; பதிவை நிறுத்தினார்கள். இனி அந்தக் குரலுக்கு உலகில் இருந்த விதைநெல் அந்தப் பதிவுகள் மட்டுமே.

அவற்றை ரெபேக்காள் சபை வலையில் வைத்திருந்தாள்.

ஒரு மழைவெள்ளத்தில் ஆலயத்தின் கணினி மூழ்கி, பாடகர் குழுவின் பாட்டுகளும் திருமணப் படங்களும் போன பிறகு உண்டாக்கிய ஏற்பாடு அது. வீட்டுக்கு வீடு பழைய கைபேசி ஒன்று, சார்ஜரில் செருகியபடி அலமாரியில் இருக்கும். அதற்குப் பெட்டி என்று பெயர். ஒருவருடைய கோப்புகளை மற்றவர்களின் பெட்டிகள் காக்கும். ஒரு வீடு மூழ்கினால் இன்னொரு வீடு கொடுக்கும். நடுவில் பெருங்கணினி எதுவும் கிடையாது. எந்தப் பெட்டியில் எது இருக்கிறது என்று எல்லாப் பெட்டிகளும் சேர்ந்து பராமரிக்கும் பொதுப்பதிவு ஒன்று உண்டு.

தொடங்கிய சில மாதத்திலேயே சண்டை வந்தது. சிலர் வாங்குகிறார்களே தவிரக் கொடுப்பதில்லை என்றார்கள். சிறுசேரியில் மென்பொருள் எழுதுகிறவள் என்பதால், யார் எவ்வளவு கொடுத்தார் என்று அளக்கும் முறையைச் செய்துதரும்படி ரெபேக்காளைக் கேட்டார்கள். பெட்டியே கோப்பின் ஒவ்வொரு துண்டையும் ஒப்பிட்டுச் சரிபார்க்கும் முறையைத்தான் அவள் முதலில் எழுதினாள். பழைய கைபேசிகள் சூடேறி அணைந்தன. அதனால் அந்தச் சோதனையைக் கேட்டால் மட்டும் செய்வதாக ஒதுக்கிவிட்டு, வாங்கியவரின் வாய்மொழியையே சான்றாக வைத்தாள். கோப்பு வந்ததும் திரை கேட்கும்: "முழுமையாக வந்ததா? ஆம், இல்லை." ஆம் என்று தொட்டால் கொடுத்தவருக்கு மதிப்பு ஏறும். பிரதி ஒன்று கூடியதாகவும் பொதுப்பதிவில் பதியும். மதிப்புக் குறைந்தவருக்குப் பாதை குறுகும். அடிமட்டத்துக்குப் போனவரை ஞாயிறு மாலை ஆறு மணிக்கு வலையே நீக்கி, அவர் பெட்டியில் இருப்பதைத் துடைக்கும்.

அப்பாவின் பதிவுகளுக்கு நேரே எல்லா வீடுகளும் ஆம் என்றிருந்தன. அதை நம்பித்தான் வேலை மாறியபோது, பதிவுகளின் மூலப்பிரதி இருந்த அந்த அலுவலக மடிக்கணினியை அழித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

இப்போது நாற்காலியில் அமர்ந்தபடி, ஒதுக்கிவைத்த அந்தச் சோதனையைக் கேட்டு முதல் வீட்டைத் தொட்டாள். கோப்பின் பெயர் வந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. அடுத்த வீடு: தொடக்கத்தில் சிறிது, பிறகு வெறுமை. அடுத்ததும் அப்படியே. தொட்டுக்கொண்டே போனாள். காயத்ரி வீட்டுப் பெட்டியில் இடம் நிரம்பி, வந்த கோப்பு வாசலிலேயே நின்றிருந்தது. அவளை அழைத்துக் கேட்டாள்.

"ஆமாக்கா, மெமரி ஃபுல்லுன்னு வந்துச்சு," என்றாள் காயத்ரி.

"பின்ன எதுக்கு ஆம்னு போட்ட?"

"அப்பா பாவம் ஒடம்பு முடியாதவரு, அவரு குரலு வரலேன்னு எப்டிக்கா போடறது? மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்காதா?"

அவர்கள் சபையில், சாப்பிட்டாயா என்று கேட்டால் பட்டினியாய் வந்தவரும் ஆச்சு என்பார். கொடுத்ததை வரவில்லை என்பது கொடுத்தவரை அவமதிப்பது. அந்த மக்களுக்குள் பிறந்து வளர்ந்தவள், அவர்களுடைய மரியாதையைப் போய்த் தராசாக நிறுத்தியிருந்தாள்.

ஒரு பெட்டி மீதியிருந்தது. நெம்மேலியில் அவள் சித்தப்பா பூபாலனுடையது. அதைத் தொட்டதும் துண்டுகள் ஒவ்வொன்றாகச் சரியெனத் தேறி வந்தன. அத்தனை பதிவும் அங்கே முழுதாக இருந்தன.

ஆனால் அந்தப் பெயர் சிவப்பாக இருந்தது. மதிப்பு: பூஜ்யம். இன்று மாலை நீக்கம்.

பூபாலன் பொய் சொல்லத் தெரியாத மனிதர். அரைகுறையாய் வந்ததற்கெல்லாம் இல்லை என்று தொட்டார். கொடுத்தவர்கள் கோபித்துக்கொண்டு, அவர் ஒழுங்காய்க் கொடுத்ததற்கும் இல்லை என்று தொட்டார்கள். சபைத் தேர்தலில் ராமதாஸ் நின்றபோதும் இதே கதைதான். உங்களுக்குத்தான் போட்டோம் என்று ஊரே கைகுலுக்கியது, ராமதாஸ் தோற்றார். பூபாலன் ஒருவர்தான் அண்ணன் எதிரில் வந்து, உனக்குப் போடவில்லை என்றார். அன்றிலிருந்து அண்ணனும் தம்பியும் பேசுவதில்லை.

உடனே பதிவுகளைத் தன் கைபேசிக்கு இழுத்தாள். ஊசித் துளையில் தண்ணீர் கசிவதுபோல் வந்தது. மதிப்பில்லாதவருக்குப் பாதை குறுகும் என்று எழுதியவள் அவளேதான். இந்த வேகத்தில் வந்து முடிய இன்னொரு ஞாயிறு ஆகும்.

நீக்கத்தை நிறுத்தலாம், ஆனால் தனியாக முடியாது. சொந்தக்காரருக்குச் சலுகை காட்டுவாள் என்று பேச்சு வந்ததால், சபைச் செயலர் ஜெரோமும் சேர்ந்து ஒப்பினால்தான் நிற்கும் என்று அவளே விதித்திருந்தாள். தாழ்வாரத்துக்கு வந்து அவரை அழைத்தாள். பின்னால் நாதஸ்வரமும் தட்டுகளின் ஓசையும் கேட்டன.

"ஸ்தோத்திரம் அங்கிள். பூபாலன் சித்தப்பா பெட்டிய இன்னிக்கி எடுக்கப் போவுது. அத நிறுத்தணும். நீங்க ஒப்புதல் போடுங்க."

"போட்டுடறேன்மா. அப்பா எப்டி கீறாரு?"

"இருக்காரு. இப்பவே போடுங்க அங்கிள்."

"தோ, போட்டுகினே கீறேன். ஆச்சும்மா, போட்டாச்சு."

திரையில் ஒப்புதல் வரவில்லை. கொஞ்சம் பொறுத்து மீண்டும் அழைத்தாள்.

"இன்னும் வரல அங்கிள்."

"வந்துரும்மா, கர்த்தர் பாத்துப்பாரு. கல்யாண வூட்ல கீறேன், கண்ணாடிய வேற வூட்லயே வெச்சிட்டு வந்துட்டேன்."

"அப்ப போடலதான?"

"போட்ட மாதிரிதாம்மா."

மூன்றாம் முறை அவர் எடுக்கவில்லை. பூபாலனின் கைபேசியும் அடித்து ஓய்ந்தது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் அவருக்கு ஒப்பந்த வேலை. பணிநேரத்தில் கைபேசி பூட்டறையில் இருக்கும். சித்தி ரூத்தை அழைத்தாள்.

"சித்தி, ரெபேக்கா பேசறேன்."

"தெரியுது. எங்களத் தூக்கிட்டீங்களாமே? ஜீரோன்னு வந்துச்சு. உங்க சித்தப்பா பள்ளிக்கூடத்துல கூட அஞ்சு மார்க்குக்குக் கொறஞ்சி வாங்கல."

"தப்பு எம்மேலதான் சித்தி. அந்தப் பெட்டியோட ஒயரப் புடுங்கி வுடுங்க. அப்பா குரலு அதுலதான் கீது. வேற எங்கயும் இல்ல."

மறுமுனையில் ஏதோ கீழே வைக்கும் ஓசை. பிறகு காலடி ஓசை.

"புடுங்கிட்டேன், போ," என்று சொல்லி ரூத் வைத்துவிட்டாள்.

ரெபேக்காள் திரையைப் பார்த்தாள். பூபாலனின் சிவப்புப் பெயருக்கு அருகே, பெட்டி இணைப்பில் இருப்பதைக் காட்டும் பச்சைப்புள்ளி எரிந்துகொண்டே இருந்தது.

புடுங்கினாளா, புடுங்கினேன் என்றாளா? அன்று காலைவரை ஒரு சொல்லைக் கேட்டால் அது சொல். இப்போது அதை உரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. அதற்குள் மணி நான்கைத் தாண்டியிருந்தது. அப்பாவிடம், சபை வேலையாய் மாமல்லபுரம் பக்கம் போய்வருகிறேன் என்றாள். அவர் தலையசைத்தார். அவர் கண்ணில் ஐயம் சிறிதும் இல்லாததே அவளைக் குத்தியது.

பேருந்து திருக்கழுக்குன்றத்தை நோக்கி ஊர்ந்தது. முகூர்த்த நாள், சாலையெங்கும் வேன்கள். குன்றும் கோயிலும் தொலைவில் தோன்றி, கிட்ட வருவதாய்க் காட்டி, வளைவில் விலகின. அவள் கைபேசியை மடியில் கவிழ்த்து வைத்தாள், திருப்பினாள், கவிழ்த்தாள். பச்சைப்புள்ளி அப்படியே இருந்தது.

திருக்கழுக்குன்றத்தைத் தாண்டியபோதுதான் அது விளங்கியது. பெட்டி என்பது பழைய கைபேசி. அதற்குள் பேட்டரி இருக்கிறது. ரூத் பொய் சொல்லவில்லை. சார்ஜரைப் பிடுங்கித்தான் இருப்பாள். கைபேசியோ தன் உள்ளிருப்பை உண்டு விழித்திருக்கிறது. ரெபேக்காள் உடனே சித்தியை அழைத்தாள். பதில் இல்லை. ஞாயிறு மாலை வீட்டு ஜெபத்துக்குப் போகிறவர்கள் கைபேசியை எடுத்துப்போவதில்லை.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. துடைக்கும்போது எதை முதலில் துடைப்பது என்றும் அவள் எழுதியிருந்தாள். எவரும் கேளாத கோப்பு முதலில். அடிக்கடி எடுத்தாளப்படுவது கடைசியில். பயனற்றது முன்னே போகட்டும் என்பது அன்று அவளுக்கு நியாயமாகப் பட்டது. அப்பாவின் பதிவுகளை யார் கேட்டார்? சங்கீதங்கள் போகும். ஊர்ப்பெயர்கள் போகும். வேறு யாருடையதோ மஞ்சள்நீராட்டு விழாப் படங்கள் நிற்கும்.

ஆண்டவரே, என் அறிவை நம்பினேன். என் தகப்பனின் நாவை அதன் கையில் அடைக்கலம் கொடுத்தேன். அறுத்தவர் மருத்துவராயினும் அழித்தவள் நானாகலாகாது. காற்றை அதன் எல்லையில் நிறுத்துகிறவரே, இந்த ஒரு நாழிகையை நிறுத்தும். இப்படி உதடு அசையாமல் மன்றாடிக்கொண்டு வந்தாள். மாமல்லபுரத்தில் இறங்கி, கடற்கரைச் சாலையில் வடக்கே போகும் ஆட்டோ ஒன்றைப் பிடித்தாள்.

"நெம்மேலிக்கு. சீக்கிரம் போங்க, அண்ணாத்த."

"சீக்கிரமாத்தான் போவேன். முன்னாடி போறவன்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லிடு," என்றார் ஓட்டுநர், நகராத வண்டிவரிசையைக் காட்டி.

சவுக்குகளின் இடையே கடல் இருளத் தொடங்கியது. அவள் திருப்பிப் பார்த்தபோது மணி ஆறு கடந்திருந்தது. பூபாலன் என்ற பெயர் திரையில் இல்லை.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. பணிச் சீருடையைக்கூடக் கழற்றாமல் பூபாலன் கூடத்தில் நின்றிருந்தார். கையில் அந்தப் பழைய கைபேசி. ரூத் அப்போதுதான் ஜெபத்திலிருந்து வந்தவளாய், வேதப்புத்தகத்தை மார்போடு அணைத்து வாசற்படியில் நின்றாள்.

"ஒவ்வொண்ணா போய்க்கினே கீது, ரெபேக்கா," என்றார் பூபாலன். "பட்டன அமுக்குனா, உறுதியான்னு கேக்குது. எதுக்கு உறுதின்னு தெரியாம எப்டி ஆம்னு போடறது? அதான் வெச்சிகினு நிக்கறேன்."

அவள் பிடுங்கி, பக்கப் பொத்தானை நகம் வெளுக்கும்வரை அழுத்தினாள். திரை கருத்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்தாள். மூவரும் அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்தார்கள். அதில் அவர்கள் முகங்களே தெரிந்தன.

"இனி இன்னா?" என்றாள் ரூத்.

"மறுபடி ஆன் பண்ணா, நெட்டு கெடைச்ச ஒடனே அழிக்க ஆரம்பிக்கும். ஒவ்வொரு கோப்புக்கும் வெளியிலேந்து தனித்தனியா உத்தரவு வரணும். நெட்டு இல்லேன்னா வராது." சொல்லி நிறுத்தினாள். "அப்டித்தான் எழுதுனேன்னு நெனைக்கறேன்."

"நெனைக்கறியா, தெரியுமா?" என்றார் பூபாலன்.

"தெரியும். ஆனா இன்னிக்கி எனக்குத் தெரிஞ்ச எதையும் நம்ப முடியல சித்தப்பா."

அவர் போய் வீட்டின் வைஃபை கருவியைச் சுவரிலிருந்து கழற்றினார். பின்பு ரூத்தின் காதிலிருந்து தோட்டைக் கழற்றச் சொல்லி வாங்கி, அதன் முனையால் கைபேசியின் சிம்மை நெம்பி எடுத்து மேசையில் வைத்தார். அதுவும் போதாதென்று தம் கைபேசியையும் ரூத்தின் கைபேசியையும் அணைத்தார். ரெபேக்காளும் தன்னுடையதை அணைத்தாள். பிறகு பெட்டியாயிருந்த பழைய கைபேசியை மட்டும் மீண்டும் உயிர்ப்பித்தாள்.

சங்கீதங்கள் இல்லை. வாக்கியங்கள் இல்லை. செங்கல்பட்டு முதல் மாமல்லபுரம்வரை அவர் கூவிய ஊர்கள் ஒன்றும் இல்லை. யாருடையவோ திருமணங்கள் இரண்டு. அவற்றின் கீழே, ஒரே ஒரு பெயர், ராமதாஸ். மனத்தில் பட்டதைப் பேசச் சொன்ன நெடும்பதிவு.

"இது எப்டி நின்னுச்சு? இத யாரும் கேட்டதே இல்லியே," என்றாள்.

பூபாலன் சுவரைப் பார்த்தார். ரூத்தான் சொன்னாள். "யாரும் கேக்கலியா? தெனம் ஷிப்டு முடிஞ்சி வந்து சோத்துல கைய வெச்சிகினு இததான் கேக்கறாரு. நாஸ்தாக்கும் இதான். எனக்கே மனப்பாடம்."

"இன்னா பேசறாரு அப்பா, அதுல?"

"திட்டறான்," என்றார் பூபாலன். "என்னத்தான். நல்லா திட்டறான்."

ரெபேக்காள் பதிவு முழுதாக இருக்கிறதா என்று பெட்டியின் சோதனையை ஏவப் போனாள். வலை இல்லாமல் அந்தச் சோதனை ஓடாது. வலையைக் கொடுக்க முடியாது. பாதியில் துடைபட்டிருந்தால்கூடப் பெயர் இப்படியே நிற்கும். இது போதாமற்போனால் குரல் மெலிந்து, இயந்திரம்போல் ஒலிக்கும் என்று பயிற்சியாளர் முன்பே எச்சரித்திருந்தார். இந்த ஒன்றும் பழுதானால் அந்த மெலிந்த குரலும் இல்லை. தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது.

கைபேசியைத் தரையில் நடுவே வைத்து ஓடவிட்டாள்.

"...அந்த பூபாலன் கீறானே," என்றார் ராமதாஸ். புற்று தொடாத, இரும்புப் படிக்கட்டில் நின்று கூவிய அதே குரல். "எல்லாரும் உனக்குத்தான் அண்ணாத்த போட்டேன்னாங்க. நானும் மாலைக்குச் சொல்லி வெச்சிட்டேன். எண்ணிப் பாத்தா ஒண்ணயும் காணோம். சரி போவட்டும்னு வூட்டுக்கு வந்தா, இவன் வாசல்ல வந்து நிக்கறான். நான் போடலங்கறான். டேய், உன்னக் கேட்டனா? ஊரே சொல்ற பொய்ய நீயும் ஒண்ணு சொல்லிட்டுப் போனா உனக்கு இன்னா கொறஞ்சா போயிடும்..."

குரல் நின்றது. ரூத் வேதப்புத்தகத்தை இறுகப் பிடித்தாள். பூபாலனின் உதடுகள், அடுத்து வரவேண்டிய சொல்லை முன்னதாகவே வடித்துக்கொண்டு, அசையாமல் காத்தன. கைபேசியிலிருந்து வெறும் இரைச்சல் வந்தது.

பதிவுக்குள் ராமதாஸ் தண்ணீர் குடித்தார். தம்ளரை வைக்கும் ஓசை. "...போயிடுமாடா?" என்றார்.

பூபாலன் மூச்சை விட்டார். யாரும் சிரிக்கவில்லை. அந்தக் குரல் மேலே போனது: தம்பியின் பிடிவாதத்தை, அவன் சிறுவயதில் பள்ளிக்கூடத்துக்கு மட்டம்போட்டதைத் தானே போய் வாத்தியாரிடம் ஒப்புக்கொண்டதை, அவன் மூக்கை, அவன் நடையை ஏசிக்கொண்டே போனது. ஒவ்வொரு முறை அது மூச்சுக்காக நிற்கும்போதும் மூவரும் குனிந்தார்கள்; அது மறுபடி ஏசத் தொடங்கும்வரை நிமிரவில்லை. பதிவு எவ்வளவு நீளம் என்பது பூபாலனுக்குத் தெரியும். இன்னும் பாதிகூட வரவில்லை என்று அவர் கையால் சைகை காட்டினார். அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.